ஸ்பிட்ஃபயர் கிட் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிற ஆசை நம்ம ஹாஸ்டலில் யாருக்காவது வந்துவிட்டால் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். "ஸ்பிட்ஃபயர் செய்யணும்டா, எந்த கிட் பெஸ்ட்?" நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த ஸ்பிட்ஃபயர்?" கேட்டவன் முறைப்பான். ஆனால் பாதி விடை இந்த எதிர்க்கேள்வியில்தான் இருக்கிறது. கிட் என்பது மெஸ் பில்லில் கை வைக்கிற சமாச்சாரம். பெட்டி மேலே உள்ள படத்தில் மயங்கி வாங்கி, பாதியில் வெறுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளிய கிட்டுகள் ஏராளம். அதனால் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

ஆர். ஜே. மிட்செல் வடிவமைத்த சூப்பர்மரீன் ஸ்பிட்ஃபயர் 1936 மார்ச் 5-ம் தேதி முதன்முதலாகப் பறந்தது. 1948 வரை உற்பத்தி நடந்தது. 20 ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள். மார்க் 1 தொடங்கி மார்க் 24 வரை போனது. பெயர்தான் ஒன்று, உள்ளே ஆள் வேறு. 1940-ல் பிரிட்டன் வான்போரில் சண்டை போட்டது பெரும்பாலும் மார்க் 1. எட்டு பிரவுனிங் துப்பாக்கிகள். கவிழ்த்துப் பார்த்தால் வலது சிறகுக்கு அடியில் ரேடியேட்டர், இடது சிறகுக்கு அடியில் சின்னதாக ஒரு ஆயில் கூலர். இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. 1942-ல் வந்த மார்க் 9, ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190-க்குக் கொடுத்த பதில். இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர் வைத்த மெர்லின் எஞ்சினைப் பொருத்தியதால் மூக்கு நீண்டது, புரொப்பல்லருக்கு நாலு பிளேடு, அடியில் இரண்டு பக்கமும் சமமான ரேடியேட்டர். வான்போர் விமானம் வேண்டும் என்று போய் மார்க் 9 வாங்கி வந்தால், எவ்வளவு நல்ல கிட்டாக இருந்தாலும் அது உங்களுக்குத் தப்பான கிட்தான்.

அடுத்தது ஸ்கேல். டிராயிங் ஹாலில் உட்கார்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 1/72 என்றால் ஆறு அடிக்கு ஒரு அங்குலம். 1/48 என்றால் ஒரு அடிக்கு கால் அங்குலம். அடி, அங்குலக் கணக்கில் வாழ்ந்தவர்கள் வைத்த ஸ்கேல் என்பதால்தான் இப்படி விசித்திரமான எண்கள். நிஜ மார்க் 1-ன் சிறகு நுனிக்கு நுனி 11.23 மீட்டர். 1/72-ல் 156 மில்லிமீட்டர், உள்ளங்கையில் உட்காரும். 1/48-ல் 234 மில்லி. 1/32-ல் 351 மில்லி. 1/24-ல் 468 மில்லி, அதை வைக்க ஹாஸ்டல் அலமாரியில் இடம் கிடையாது. ரூம்மேட்டின் சட்டைகளை வெளியே எடுத்துப் போட வேண்டியதுதான்!

இப்போது நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். கிட் என்பது பாலிஸ்டைரீனை இஞ்செக்‌ஷன் மோல்டிங் செய்த பாகங்கள், ரன்னரோடு அப்படியே பெட்டியில் வைத்தது. ஆகவே கிட் நல்லதா கெட்டதா என்பது முக்கால்வாசி அந்த டையின் கதை. ரன்னரைக் கையில் எடுத்ததும் மெக்கானிக்கல்காரன் கண்ணோடு பாருங்கள். பார்ட்டிங் லைனில் மெல்லிய ஃபிளாஷ் வழிந்திருந்தால் டை தேய்ந்துவிட்டது அல்லது சரியாக மூடவில்லை. தடிமனான இடத்தின் மேல் லேசான குழி இருந்தால் அது சிங்க் மார்க். ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கிய அடையாளம். வட்ட வட்டமாகத் தெரிவது எஜெக்டர் பின் குத்திய தழும்பு. அது சிறகின் உள்பக்கம் இருந்தால் யாருக்கும் தெரியாது. காக்பிட் கதவின் உள்பக்கம் இருந்தால் புட்டி வைத்து உப்புத்தாள் போட்டுத் தீர வேண்டும். நல்ல டை மேக்கர் அந்தப் பின்னை எங்கே வைக்க வேண்டும் என்று யோசித்திருப்பான்.

பழைய கிட்டுகளில் பேனல் கோடுகள் மேலே எழும்பி நிற்கும், புதியவற்றில் பள்ளமாக இருக்கும். ஏன் தெரியுமா? டையின் உலோகத்தில் ஒரு கோடு கீறினால் பிளாஸ்டிக்கில் அது மேடாக வரும். இது சுலபம். பிளாஸ்டிக்கில் பள்ளம் வேண்டுமென்றால் டையில் அந்தக் கோடு மேடாக நிற்க வேண்டும். அதாவது சுற்றியுள்ள உலோகம் முழுவதையும் எடுத்தாக வேண்டும். ஸ்பார்க் எரோஷன் போன்ற முறைகள் வந்த பிறகு இது கைகூடியது. ஆனால் பள்ளம் என்றாலே உயர்வு என்று நினைத்துவிடாதீர்கள். 1/72 கிட்டில் கோட்டின் அகலம் 0.3 மில்லி இருந்தால், நிஜ விமானத்தில் அது 21.6 மில்லி. விரல் நுழையும் இடைவெளியோடு எந்த ஸ்பிட்ஃபயரும் பறக்கவில்லை!

ரிவெட் விஷயமும் இப்படித்தான். ஸ்பிட்ஃபயரின் முதல் விமானத்தில் ஒரு சோதனை செய்தார்கள். உருண்டைத் தலை ரிவெட் அடித்தால் வேகம் எவ்வளவு குறையும் என்று தெரிய வேண்டும். அதற்காக வழவழப்பான ரிவெட் தலைகள் மேல் உடைத்த பட்டாணியை ஒவ்வொன்றாக ஒட்டிப் பறந்து பார்த்தார்கள். மணிக்கு 22 மைல் வரை வேகம் குறைந்தது! பிறகு பட்டாணியை வரிசை வரிசையாக எடுத்துவிட்டு மறுபடி மறுபடி பறந்து, எந்த இடத்தில் தட்டை ரிவெட் கட்டாயம், எந்த இடத்தில் விலை குறைந்த உருண்டை ரிவெட் போதும் என்று முடிவு செய்தார்கள். காண்டீன் சுண்டலைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஞாபகம் வராமல் இருப்பதில்லை. ஆக, சிறகு முழுக்க ஆழமான குழிகளாக ரிவெட் போட்ட கிட் "டீடெய்லாக" தெரியலாம். நிஜத்தில் சிறகின் முன்பகுதியை வழவழப்பாக்கத்தான் அவ்வளவு பாடுபட்டார்கள்.

வடிவத்தில் பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது அந்த நீள்வட்டச் சிறகின் வளைவு. இரண்டாவது 6 டிகிரி டைஹெட்ரல், அதாவது சிறகு வேரிலிருந்து நுனிக்கு மேல்நோக்கி ஏறும் கோணம். மூன்றாவதைத்தான் பல பழைய கிட்டுகள் கோட்டை விட்டன: சிறகின் அடிப்பக்கம், உடலோடு சேரும் இடத்தில் பின்புறமாக ஒரு வளைவு கடற்பறவையின் இறக்கை மாதிரி மடங்கும். அந்த இடம் தட்டையாக இருந்தால் ஸ்பிட்ஃபயரைத் தெரிந்தவன் உடனே கண்டுபிடித்துவிடுவான்.

சரி, எதை வாங்குவது? பெயர் சொல்லியே பேசுவோம்.

ஏர்ஃபிக்ஸ் 1953-லேயே 1/72 ஸ்பிட்ஃபயர் போட்ட இங்கிலாந்து கம்பெனி. அதற்குப் பிறகு பலமுறை புது டை செய்திருக்கிறது. இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். பழைய டையிலிருந்து வந்த பாகங்களைப் புதுப் பெட்டியில், புதுப் படத்தோடு விற்பது இந்தத் தொழிலில் சகஜம். பெட்டியின் வயது வேறு, டையின் வயது வேறு. 1/72 மார்க் 1 என்றால் 2010-ல் வந்த புது டையைக் கேட்டு வாங்குங்கள். பேனல் கோடு கொஞ்சம் ஆழம்தான். ஆனால் பாகங்கள் குறைவு, வடிவம் நன்றாக இருக்கிறது, விலையும் குறைந்த ரகம். 2010-களில் வந்த பல ஏர்ஃபிக்ஸ் கிட்டுகள் இந்தியாவில் மோல்டிங் செய்யப்பட்டவை என்பது நமக்கு ஒரு கூடுதல் சந்தோஷம். முதல் கிட் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். கெட்டுப்போனாலும் மனசு உடையாது.

1/48 மார்க் 1-ல் ஜப்பானின் டாமியா 1993-ல் ஒன்று, 2018-ல் முற்றிலும் புதிய டையில் இன்னொன்று போட்டது. கேட்க வேண்டியது 2018 கிட். இதை ஒட்டும்போது ஃபிட்டிங் ஷாப்பில் நாம் ஃபைல் போட்டு உயிரை விட்டது எதற்கு என்று புரியும். சிறகை உடலோடு சேர்த்தால் தாள் நுழையாது. புட்டி டப்பாவைத் திறக்கவே வேண்டாம். செக் நாட்டின் எடுவார்ட் 2020-ல் போட்ட 1/48 மார்க் 1-ல் ரிவெட் வேலைப்பாடு நுணுக்கம், காக்பிட்டில் பாகங்கள் அதிகம். பொறுமைசாலிக்கு அது விருந்து. ஆனால் பாகம் கூடக்கூட ஒவ்வொன்றிலும் நாம் விடுகிற சிறு பிழையும் கூடிக்கொண்டே போகும். டாலரன்ஸ் ஸ்டாக்-அப் என்று பாடத்தில் படித்தோமே, அதேதான். மார்க் 1-ல் ஒரே ஒரு கிட் சொல்லு என்றால் டாமியா 2018 என்பேன்.

மார்க் 9-க்கு 1/48-ல் எடுவார்ட் 2013 கிட் இருக்கிறது; அதோடு அந்த விவாதம் முடிந்தது. அதற்கு முன்னால் நிலைமை வேடிக்கை. ஹசேகவா கிட் அழகாகப் பொருந்தும், ஆனால் உடல் நீளம் குறைவு. உக்ரைனின் ஐ.சி.எம். கிட்டில் வடிவம் நன்றாக இருக்கும், எஞ்சின்கூட உள்ளே உண்டு, ஆனால் பொருத்துவதற்குள் பொறுமை போய்விடும். ஒன்றில் டிராயிங் தப்பு, ஒன்றில் ஃபிட்டிங் தப்பு. எதைப் பொறுத்துக்கொள்வது? ஷெல்ஃபில் வைத்துத் தூரத்திலிருந்து ரசிப்பவன் அந்தச் சில மில்லிமீட்டரை மன்னிக்கலாம். ஸ்கேல் டிராயிங்கோடு வெர்னியர் பிடிப்பவன் மன்னிக்க மாட்டான். 1/32-ல் டாமியாவின் 2009 மார்க் 9 கிட் பிரமாதமான பொறியியல். விலையும் அதற்கேற்றபடி, நம்ம கைக்கு எட்டாத உயரத்தில். சம்பளம் வாங்கும் காலத்துக்கு அதை ஒத்தி வையுங்கள்.

மார்க் 1 எடுப்பவர்களுக்கு இன்னொரு தகவல். பிரிட்டிஷ் விமானப்படையின் 234-வது ஸ்குவாட்ரனுக்கு "மதராஸ் மாகாணம்" என்றே பெயர் உண்டு. நம்ம பக்கத்திலிருந்து போன போர்க்கால நன்கொடையை ஒட்டி வைத்த பெயர். 79, 264 ஆகிய ஸ்குவாட்ரன்களுக்கும் இதே பெயர்தான், ஆனால் 1940-ல் ஸ்பிட்ஃபயர் ஓட்டியது 234. அந்த ஆகஸ்ட்டில் மிடில் வாலப் தளத்திலிருந்து பறந்தார்கள். பக்கவாட்டில் எழுதும் குறியீடு ஏ, இசட். கிட்டோடு வருகிற டிகால் தாளில் இந்த எழுத்துகள் இல்லாவிட்டால் தனியாக விற்கும் டிகால் தேடலாம். 1/48-ல் சிறகு 234 மில்லி, ஸ்குவாட்ரனும் 234. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா!

கிட் கைக்கு வந்ததும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். ரன்னரைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். டையில் பூசும் ரிலீஸ் ஏஜென்ட் ஒட்டியிருந்தால் பெயிண்ட் பிடிக்காது. பாகத்தை ரன்னரிலிருந்து கையால் முறிக்கக் கூடாது. கட்டிங் பிளேயரால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தை ஃபைலால் எடுங்கள். ஒட்டுவதற்கு முன் செல்லோடேப் போட்டு முழு விமானத்தையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மேஜை மேல் வைத்து இரண்டு சிறகு நுனியின் உயரத்தையும் அளந்தால் டைஹெட்ரல் சமமா என்று தெரிந்துவிடும். ஒட்டுவதற்கு பிளாஸ்டிக் சிமெண்ட்தான் சரி. அது பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும், கிட்டத்தட்ட வெல்டிங் மாதிரி. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், வாசனை தலைவலி கொடுக்கும். காக்பிட்டின் கண்ணாடி மூடிக்கு மட்டும் அதுவும் வேண்டாம், ஃபெவிக்விக் ரகமும் வேண்டாம். ஆவி பட்டு உள்ளே வெள்ளையாகப் படர்ந்துவிடும். சாதாரண வெள்ளை ஃபெவிகாலை ஒரு குச்சி நுனியில் தொட்டு வையுங்கள். காய்ந்ததும் நிறமில்லாமல் போய்விடும், தப்பாக உட்கார்ந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம்.