ஆடும் கைகளை அடிக்காதீர்கள்

"கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்பதுதான் நம் வகுப்பறைகளில் ஒழுக்கத்தின் முதல் பாடம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது கொஞ்ச நேரச் சிரமம், அவ்வளவுதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அது நாள் முழுக்கத் தொடரும் தண்டனை. கைகளை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, முகத்தருகே விரல்களைப் படபடவென அசைப்பது, ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப முனகுவது என்று அந்தப் பிள்ளையின் உடல் ஏதாவதொரு வகையில் அசைந்துகொண்டே இருக்கும். இதை ஸ்டிம்மிங் என்கிறார்கள்.

அதே பிள்ளை பென்சில் பிடிக்கத் திணறும். சட்டைப் பொத்தானோடு போராடும். எறிந்த பந்து கைக்கு வருவதற்குள் நழுவிவிடும். ஆடுகிற கைக்குச் சேட்டை என்று பெயர். எழுதாத கைக்குச் சோம்பல் என்று பெயர். இரண்டுக்கும் ஸ்கேல் அடி விழுகிறது. இரண்டு தீர்ப்புமே தவறு. ஆடுகிற கையை ஆடவிட வேண்டும், தடுமாறுகிற கைக்கு உதவ வேண்டும். நல்ல மனம் உள்ளவர்கள் மட்டும் செய்யட்டும் என்று சட்டம் இதை விட்டுவிடவில்லை, கடமையாகவே வைத்திருக்கிறது.

உடல் ஏன் அசைகிறது?

ஆட்டிசம் நோயல்ல. பிறவியிலிருந்தே மூளை வேறு விதமாக வளர்ந்து இயங்கும் நிலை அது. ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவை சிலருக்கு அளவுக்கு மீறி உறைக்கும். சிலருக்குப் போதுமான அளவு உறைக்காது. ஒரே ஆளுக்கே ஒன்று மிகையாகவும் மற்றொன்று குறைவாகவும் இருப்பதுண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளையும் இந்தப் புலன் வேறுபாடுகளையும் ஆட்டிசத்தின் அடையாளங்களாகவே சேர்த்திருக்கிறது.

கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். நாதஸ்வரமும் தவிலும் ஒரே மூச்சில் உச்சத்துக்குப் போகும். கேமரா விளக்கு கண்ணில் அடிக்கும். நாலா பக்கமும் ஆட்கள் நெருக்குவார்கள். காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடும் பிள்ளை, தன்மேல் வந்து மோதும் அத்தனையையும் தாங்கிக்கொள்ளத் தனக்குத் தெரிந்த ஒரு தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஆட்டம்தான் அதை அந்த இடத்தில் நிறுத்திவைக்கிறது. பதற்றத்தில் மட்டுமல்ல, மகிழ்ச்சியிலும் கை படபடக்கும். ஆழ்ந்து யோசிக்கும்போதும் விரல்கள் அசையும்.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமே இதைப் பற்றிக் கேட்டு, ஸ்டீவன் காப் குழுவினர் 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்த அசைவுகள் தங்களை அமைதிப்படுத்துகின்றன, அடக்க முடியாத உணர்ச்சிகளைச் சமாளிக்க உதவுகின்றன, இவற்றை ஒழிக்கப் பார்க்கும் பயிற்சிகள் தங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். காத்திருக்கும்போது காலாட்டுவதும், பேனா மூடியைக் கடிப்பதும் நம் எல்லோரிடமும் உண்டு. அவர்களுக்கு அந்தத் தேவை பல மடங்கு அதிகம்.

எழுதாத கை சோம்பேறிக் கை அல்ல

ஆட்டிசம் என்றாலே பேச்சையும் பழக்கத்தையும் பற்றித்தான் பேசுகிறோம். உடல் ஒருங்கிணைப்பு பின்னுக்குப் போய்விடுகிறது. ஆனால் வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-லேயே தாம் பார்த்த சிறுவர்களின் உடல் தடுமாற்றத்தைக் குறித்திருந்தார். அமெரிக்காவில் 11,000-க்கும் மேற்பட்ட ஆட்டிசக் குழந்தைகளின் தகவல்களைத் திரட்டி 2020-ல் வெளியான ஆய்வொன்றில், 10-ல் 8 பேருக்கும் மேல் உடல் இயக்கச் சிக்கல் இருக்கக்கூடும் என்று தெரியவந்தது.

இரட்டைக் கோடு நோட்டில் 'ஐ' எழுதும் இப்படியொரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விரல்கள் அசையாது, தோளே அசையும். பென்சில் முஷ்டிக்குள் இருக்கும். அழுத்தம் தாங்காமல் முனை ஒடியும், இல்லையென்றால் அடுத்த பக்கத்திலும் தடம் பதியும். இடது கை நோட்டைப் பிடிக்க மறந்திருக்கும், நோட்டு நழுவிக்கொண்டே போகும். மூன்று வரி முடிவதற்குள் விரல் வலிக்க ஆரம்பித்துவிடும். விடை வாயில் தயாராக இருக்கிறது, தாளுக்கு வர மறுக்கிறது.

கை, கால் எங்கே இருக்கின்றன, எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம் என்று மூட்டுகளும் தசைகளும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி தெளிவாக வராதபோதும், வந்த செய்தியை அடுத்தடுத்த அசைவுகளாக மூளை கோக்கத் திணறும்போதும் இந்தத் தடுமாற்றம் வருகிறது. நுனிக்காலில் நடப்பது, படியிறங்கக் கைப்பிடியைத் தேடுவது, ஷூ லேஸ் கட்ட முடியாமல் போவது எல்லாம் இதில் அடங்கும். நாலு பக்கம் இம்போசிஷன் எழுதச் சொன்னால் இது சரியாகாது. கைவலியும் பள்ளிமேல் வெறுப்பும்தான் மிஞ்சும்.

அடக்கினால் என்ன ஆகும்?

1960-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உளவியலாளர் இவார் லோவாஸ், ஆட்டிசக் குழந்தைகளின் இத்தகைய நடத்தைகளை நிறுத்த அறையையும் மின்னதிர்ச்சியையும்கூடப் பயன்படுத்தினார். வலி கொடுத்துத் திருத்தும் அந்த எண்ணம் இன்னும் முழுதாகச் சாகவில்லை. கையைப் பிடித்து அமுக்குவது, கைமேல் உட்காரச் சொல்வது, ஆடாமல் இருந்தால் மிட்டாய் என்று பேரம் பேசுவது என உருமாறி, நம் ஊர்ப் பயிற்சி மையங்கள் சிலவற்றிலும் நடக்கிறது.

அசைவை அடக்குவதிலேயே பிள்ளையின் முழுக் கவனமும் போய்விட்டால் பாடத்துக்கு எதுவும் மிஞ்சாது. பள்ளியில் கல்லாக உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டு வாசலை மிதித்ததும் வெடித்து அழும் பிள்ளைகள் பலர். பாதுகாப்பான அசைவைப் பறித்தால் அதன் இடத்தில் தலையை முட்டிக்கொள்வதோ கையைக் கடித்துக்கொள்வதோ வரலாம்.

மருந்தின் பெயரால் வரும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கைகளை உதறுவதை நிறுத்தவென்று மருந்து ஏதும் இல்லை. ரிஸ்பெரிடோன் போன்றவை கடும் எரிச்சல், ஆக்ரோஷம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றுக்காக, தகுந்த மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படுபவை. உடல் எடையை ஏற்றும். நீண்ட நாள் எடுத்தால் தன்னிச்சையற்ற அசைவுகளையே உண்டாக்கவும் கூடும். பிள்ளை சும்மா உட்கார வேண்டும் என்பதற்காக அதைக் கொடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவருகிறீர்கள் என்றால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் செய்யாதீர்கள். ஆட்டிசத்தைக் குணமாக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடமும் ஏமாற வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தெளிவுபடுத்திவிட்டது.

வளர்ந்தவர்களுக்கு வீதியில் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. தள்ளாடும் நடையையும் கை உதறலையும் பார்த்துவிட்டு, குடித்திருக்கிறான், கஞ்சா அடித்திருக்கிறான் என்று கூட்டம் கூடிவிடும். பதறிப்போனவரால் பதில் சொல்லவும் முடியாது. பிள்ளை பெரியவனாகும்போது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் எப்போதும் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். அருகிலுள்ள காவல் நிலையத்திலும் கடைத்தெருவிலும் முன்பே அறிமுகப்படுத்தி வையுங்கள்.

எப்போது தலையிட வேண்டும்?

அசைவு யாரையாவது காயப்படுத்துகிறதா என்பதே கேள்வி. விசித்திரமாகத் தெரிகிறது, சொந்தக்காரர்கள் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தலையிடக் காரணம் ஆகாது. கீழே உள்ளவற்றைக் கண்டால் மருத்துவரிடம் போக வேண்டும்:

- தலையை முட்டிக்கொள்வது, கண்ணில் குத்திக்கொள்வது, ரத்தம் வரக் கடித்துக்கொள்வது. திடீரென ஆரம்பித்தால் காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், ஒற்றைத் தலைவலி போன்ற வலி உள்ளே இருக்கலாம். பேச முடியாத பிள்ளை வலியை இப்படித்தான் சொல்லும்.
- கூப்பிட்டாலும் தொட்டாலும் கலையாத வெறித்த பார்வை, சொடுக்கும் அசைவுகள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். முடிந்தால் போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.
- நன்றாக நடமாடிய பதின்வயதுப் பிள்ளை மெதுவாகிக்கொண்டே போய், வாசற்படியில் காலைத் தூக்கியபடி உறைந்து நிற்பது. இது கேட்டடோனியா என்னும் நிலையாக இருக்கலாம். அடம் என்று விட்டுவிடக் கூடாது.
- ஓயாமல் நுனிக்காலில் நடந்து குதிகால் தரையில் பதியாமல் போவது. தசைநாண் இறுகிவிடும் முன் பிசியோதெரபி தேவை.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தான் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அதன் 16-வது பிரிவின்படி, அரசு நிதியுதவி பெறும் பள்ளிகள் மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கும் ஏற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும். நடுவில் எழுந்து நடக்க அனுமதி, கையில் உருட்ட ஒரு பந்து, எழுதுவதற்குப் பதில் வாய்மொழியாகவோ தட்டச்சிலோ விடை சொல்ல வாய்ப்பு ஆகியவை இப்படிக் கேட்கக்கூடிய வசதிகள். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை.

பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் அதே சட்டத்தின் 92-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. வகுப்பில் அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு தடை செய்கிறது.

எழுத்துச் சிக்கலுக்கு 2021-ல் உச்ச நீதிமன்றம் பெரிய கதவொன்றைத் திறந்தது. எழுதும்போது கை இறுகும் பாதிப்புள்ள ஒருவர் யுபிஎஸ்சிக்கு எதிராகத் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில், 40 சதவீத வரம்பை எட்டாதவருக்கும் சொல்வதை எழுதுபவரைத் தர மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதையொட்டி மத்திய அரசு 2022 ஆகஸ்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் அதில் உண்டு. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளிலும் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் இருக்கின்றன. தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். தேர்வு நெருங்கியபின் ஓடுவதில் பயனில்லை.

என்ன செய்யலாம்?

முதலில் சான்று வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் 40 கேள்விகள் கொண்ட ஐஎஸ்ஏஏ அளவுகோலால் மதிப்பிடுவார்கள். மொத்த மதிப்பெண் 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம் என்று கொள்வார்கள். திரும்பத் திரும்ப வரும் அசைவுகளும் அந்தக் கேள்விகளில் அடக்கம். எனவே மதிப்பீட்டு நாளன்று "டாக்டர் முன்னாடி கையை ஆட்டாதே" என்று பிள்ளையை மிரட்டி அழைத்துப் போகாதீர்கள். வீட்டில் நடப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தையும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தையும் அணுகலாம். ஆக்குபேஷனல் தெரபியில் பொத்தான் போடுவது, பென்சில் பிடிப்பது, சமநிலை ஆகியவற்றைச் சிறு சிறு படியாகப் பழக்குவார்கள். ஊஞ்சலும் நீச்சலும் பலருக்கு நல்லது. தண்ணீரருகே ஒரு நொடியும் தனியே விடக் கூடாது. சட்டைக் காலரைக் கடிக்கும் பிள்ளைக்குக் கடிக்கத் தகுந்த சிலிகான் பொருள், லேஸுக்குப் பதில் வெல்க்ரோ ஷூ, தடித்த பென்சில், சாய்வான எழுது பலகை ஆகிய சின்ன மாற்றங்களே பெரிய வித்தியாசம் தரும். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பெறலாம். தெரபிச் செலவும் அதில் அடங்கும்.

பள்ளியில் வாய்வார்த்தையோடு நிற்காதீர்கள். என்னென்ன வசதி வேண்டும் என்று தலைமையாசிரியருக்கு எழுதி, சான்றின் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம் என்று மேலே செல்லலாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு, விசாரணையின்போது சாட்சிகளை வரவழைப்பது போன்றவற்றில் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. பிள்ளையை அடித்தால் 1098-ஐ அழையுங்கள். வழக்கறிஞர் தேவையென்றால் 15100. மாற்றுத்திறனாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பிள்ளையின் கை படபடக்கும்போது, "நிறுத்து" என்று சொல்லும் முன், வகுப்பில் எது அதைப் படுத்துகிறது என்று பாருங்கள். மின்விசிறியின் கடகடப்பா, ஜன்னல் வெயிலா, நெருக்கி உட்கார வைத்ததா? அதைச் சரிசெய்ய முடிந்தால் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் கை ஆடிக்கொண்டே இருக்கட்டும், பாடத்தை நடத்துங்கள். கை ஆடினாலும் அந்தப் பிள்ளை உங்கள் பாடத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.