ஒரே பெயர், பல பேர் – 9: லாச்சப்பலில் நான்கு தெனி

சென்ற வாரம் சங்க நக்கீரரையும் பதினோராம் திருமுறை நக்கீரதேவ நாயனாரையும் தனித்தனியே உட்கார வைத்தோம். அதே திருமுறையில் கபிலதேவர், பரணதேவர் என்று இன்னும் இருவர் சங்கப் பெயர்களோடு இருக்கிறார்கள். புலவர் மூவரும் பேசிவைத்துக்கொண்டு சைவத்தில் மறுபடி பிறந்ததுபோல் இருக்கிறது. அவர்களை அங்கேயே விட்டுவிட்டு இந்த வாரம் பாரிஸ் போவோம். பெயர்க் குழப்பத்துக்கு இதைவிடப் பெரிய வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை. அந்த வழக்கு நம்மவர்கள் முருங்கைக்காய் வாங்கும் தெருவின் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது.

கார் து நோர் ரயில் நிலையத்தின் ஓரமாக ஃபோபூர் சென் தெனி தெருவில் வடக்கே நடந்தால், கொஞ்ச தூரத்தில் கடைப்பலகைகள் தமிழுக்கு மாறிவிடும். நகைக்கடை, புடவைக்கடை, மரக்கறிக்கடை, கொத்துரொட்டி போடும் உணவகம். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள் உருவாக்கிய கடைத்தெரு இது. பக்கத்துச் சந்துகளில் ஒன்றுக்கு ரயில் எஞ்சின் செய்த முதலாளி காயின் பெயர். இன்னொன்றுக்கு ரயில்பாதைப் பொறியாளர் பெர்தொனேயின் பெயர். வட்டாரம் முழுவதும் நம் வாயில் ‘லாச்சப்பல்’. முன்பு இது பாரிஸுக்கு வெளியே இருந்த கிராமம். 1860-இல்தான் நகரத்தோடு சேர்த்தார்கள்.

தெருவின் பெயரில் இருக்கும் தெனி, பாரிஸின் முதல் ஆயர். 3-ஆம் நூற்றாண்டில், ரோமப் பேரரசன் தேசியஸ் காலத்தில் இங்கே மறைபணிக்கு அனுப்பப்பட்டவர் என்றும், வாளுக்கு இரையானவர் என்றும் 6-ஆம் நூற்றாண்டில் தூர் நகரத்து ஆயர் கிரகோரியார் எழுதுகிறார். அவர் எழுதியது அவ்வளவே. மற்றதெல்லாம் பிறகு சேர்ந்தது: மோன்மார்த்ர் மேட்டில் தலை வெட்டப்பட்டதும், வெட்டுண்ட தலையைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் வடக்கே நடந்து போனதும், இன்று சென் தெனி பேராலயம் நிற்கும் இடத்தில் விழுந்ததும். நோத்ர் தாம் முகப்பில் தலையைக் கையில் பிடித்தபடி அவர் நிற்பதைப் பார்க்கலாம்.

475 வாக்கில் புனித செனவியேவ் அவருடைய கல்லறைமேல் ஒரு சிற்றாலயம் எழுப்பினார் என்பது மரபு. அது எங்கே என்பதில்தான் சண்டை. லாச்சப்பல் மரபு அதைத் தன் ஊரில் வைக்கிறது. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் சென் தெனி பேராலயம் இருக்கும் இடத்தையே சொல்கிறார்கள். லாச்சப்பல் தெருவில் 1204-இல் எழுந்த சென் தெனி தேவாலயம் இன்றும் உண்டு. 1429 செப்டம்பரில் ஜோன் ஆஃப் ஆர்க் பாரிஸைத் தாக்கப் போகுமுன் இந்தக் கிராமத்தில் தங்கி, இந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டார் என்பார்கள். தாக்குதல் தோற்றது, தொடையில் அம்பு வாங்கித் திரும்பினார். வாசலில் அவர் சிலை நிற்கிறது.

இவர் முதல் தெனி. இனி இரண்டாமவர்.

விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 17-ஆம் அதிகாரத்தில், ஏதென்ஸில் பவுலின் பேச்சைக் கேட்டு மனம் மாறியவர்களில் தியொனீசியு என்ற நீதிமன்றத்தார் ஒருவர் வருகிறார். ஒரே ஒரு வசனம், அதற்குமேல் அவரைப் பற்றி ஒன்றுமில்லை. தியொனீசியுவும் தெனியும் ஒரே பெயர்தான். கிரேக்க வடிவம் ஒன்று, பிரெஞ்சு வடிவம் ஒன்று.

மூன்றாமவர் ஒரு புதிர். சுமார் 500-ஆம் ஆண்டில், பெரும்பாலும் சிரியாவில், கிரேக்க மொழியில் எழுதிய ஒரு துறவி, தன் பெயரை மறைத்துக்கொண்டு பவுலின் சீடரான அந்தத் தியொனீசியுவே எழுதுவதுபோல நூல்கள் செய்தார். கடவுளின் பெயர்கள் பற்றி ஒன்று, வானதூதர்களின் படிநிலை பற்றி ஒன்று, சொல்லுக்கு எட்டாத இறைமை பற்றி ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் ஆழம். நம் சித்தர் பாடல்களில் அகத்தியர் பெயரில் எத்தனை நூல்கள் இருக்கின்றன என்று அறிந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. பெரியவர் பெயரில் எழுதுவது அந்தக் காலத்தில் திருட்டும் அல்ல. ஒருவிதப் பணிவு என்றும் சொல்லலாம்.

827-இல் பைசாந்தியப் பேரரசன் இரண்டாம் மிக்கேல், பிராங்குகளின் அரசன் பக்திமான் லூயிக்கு இந்த நூல்களின் கிரேக்கச் சுவடி ஒன்றைப் பரிசாக அனுப்பினார். தெனியின் திருநாளுக்கு முந்திய நாள் அது சென் தெனி மடத்துக்கு வந்தது. அன்றிரவே 19 நோயாளிகள் குணமடைந்தார்கள் என்று மடம் அறிவித்தது. அந்தச் சுவடி பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இன்னும் இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து, பதவி இழந்து 834-இல் இதே மடத்தில் மறுபடி அரசனாக ஏற்கப்பட்ட லூயி, தெனியின் வரலாற்றைத் தொகுத்துத் தரும்படி மடத்தலைவர் ஹில்டுயினைக் கேட்டார். ஹில்டுயின் எழுதியதைப் படித்தால் அவர் கைத்திறனை வியக்காமல் இருக்க முடியாது. பவுலிடம் மனம் மாறிய ஏதென்ஸ்காரர், ஆழமான நூல்களை எழுதிய மேதை, பாரிஸில் தலை கொடுத்த ஆயர் ஆகிய மூவரும் ஒருவரே! ஏதென்ஸிலிருந்து ரோம் வந்து, அங்கிருந்து போப் கிளமெண்ட் அனுப்பிப் பாரிஸ் வந்தார், அவ்வளவுதான். நடுவில் கிடந்த சில நூற்றாண்டுகளை ஒரு பயணக்கதை நிரப்பிவிட்டது.

இதில் மடத்துக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல. எங்கிருந்தோ வந்த 3-ஆம் நூற்றாண்டு ஆயரின் கல்லறைக்குக் காவல் இருப்பது வேறு. பவுலின் நேரடிச் சீடரும் தத்துவ மேதையுமானவரின் கல்லறைக்குக் காவல் இருப்பது வேறு. பிரெஞ்சு அரசர்கள் பெரும்பாலோரைப் புதைத்த இடம் அது. ஹில்டுயின் தெரிந்தே பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. நம்ப ஆசைப்பட்டவர் கையில் ஒத்த பெயரும் கிடைத்துவிட்டது.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1121 வாக்கில், எலோய்ஸின் காதலராக ஊர் அறிந்த அபேலார் இதே மடத்தில் துறவியாக இருந்தார். ஒருநாள் இங்கிலாந்து அறிஞர் பீட் எழுதிய உரையில், பவுலின் சீடர் தியொனீசியு கொரிந்து நகரத்து ஆயர் என்று ஒரு வரி கண்ணில் பட்டது. மடத்துக் கதைப்படி அவர் ஏதென்ஸ் ஆயர். அபேலார் அதைச் சிரித்துக்கொண்டே உடன்துறவிகளிடம் காட்டினார். மடம் கொதித்தது. பீட் பொய்யர், ஹில்டுயின் சொன்னதே உண்மை என்று துறவிகள் கத்தினார்கள். நாட்டின் மானத்தையே தொட்டுவிட்டார் என்று மடத்தலைவர் அரசனிடம் ஒப்படைக்கப் போவதாக மிரட்ட, அபேலார் இரவோடு இரவாக ஓடி ஷம்பாஞ் பகுதியில் ஒளிந்துகொண்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பீட் சொன்னதும் தவறுதான். கொரிந்து ஆயரான தியொனீசியு 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நான்காவது ஆள். அவரையும் பவுலின் சீடரையும் பீட் ஒன்றாக்கிவிட்டார். ஒரு பெயர்க் குழப்பத்தை உடைக்கப் போனவர் கையில் இருந்தது இன்னொரு பெயர்க் குழப்பம்.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்தவர் போப் மூன்றாம் இன்னொசென்ட். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்க நாட்டிலிருந்து வந்த ஒரு தியொனீசியுவின் எச்சங்களை அவர் சென் தெனி மடத்துக்கே அனுப்பிவைத்தார். பவுலின் சீடர் கிரேக்கத்தில் இறந்தாரா, பாரிஸில் இறந்தாரா என்று தீர்ப்புச் சொல்ல அவர் விரும்பவில்லை. இரண்டும் உங்களிடமே இருந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமேது என்பது அவர் கணக்கு. பஞ்சாயத்து பண்ணத் தெரிந்த மனிதர்.

முடிச்சு அவிழ இன்னும் அறுநூறு ஆண்டுகளுக்குமேல் ஆனது. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் லொரென்சோ வாலா ஐயத்தைக் கிளப்பினார். 1895-இல் ஹூகோ கோக், யோசஃப் ஸ்டிக்ல்மயர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் தனித்தனியே வேலை செய்து, அந்த நூல்கள் 485-இல் இறந்த புரோக்ளஸ் என்ற தத்துவவாதியிடமிருந்து கடன் வாங்கியவை என்று காட்டினார்கள். அதோடு மூன்றாமவர் பவுல் காலத்தவர் அல்ல என்பது உறுதியானது. அதற்குள் அந்தப் பெயர் செய்யவேண்டிய வேலையைச் செய்து முடித்துவிட்டது. 1140-களில் சென் தெனி மடத்தலைவர் சுஜே மடத்துக் கோயிலின் பீடப் பகுதியைக் கண்ணாடியும் ஒளியுமாகத் திருப்பிக் கட்டியதிலிருந்துதான் கோதிக் கட்டடக்கலை தொடங்குகிறது என்பார்கள். இறை ஒளி பற்றிய அந்த நூல்களே அதற்குத் தூண்டுகோல் என்று எர்வின் பனோஃப்ஸ்கி வாதிட்டார். பின்னால் வந்தவர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் விட்டுவிட மனம் வராத வாதம்.

லாச்சப்பலைச் சுற்றிப் பெயரை வேண்டுமென்றே இரவல் வாங்கியவர்களும் உண்டு. வடக்கே ஒரு மெட்ரோ நிலையம் மார்க்ஸ் தொர்முவா. இவர் தாடிக்கார மார்க்ஸ் அல்ல. 1936 முதல் 1938 வரை பிரான்ஸின் உள்துறை அமைச்சராக இருந்த சோஷலிஸ்ட். சோஷலிஸ்டான அப்பா, கார்ல் மார்க்ஸ் நினைவாகவே 1888-இல் பிறந்த மகனுக்கு அந்தப் பெயர் வைத்தார். 1941-இல் படுக்கைக்கு அடியில் குண்டு வைத்துக் கொன்றார்கள். லாச்சப்பல் நிலையத்திலிருந்து கிழக்கே அடுத்த நிலையம் ஸ்டாலின்கிராட். ரஷ்யாவில் அந்த நகரமே 1961-இல் வோல்கோகிராட் ஆகிவிட்டது, பாரிஸ் மெட்ரோ மாற்றவில்லை. 1953 மார்ச் 1 அன்று சென்னையில் பிறந்த குழந்தைக்கு, மார்ச் 5 அன்று இறந்த சோவியத் தலைவரின் பெயரைக் கருணாநிதி சூட்டியதும், அந்தக் குழந்தை 2021-இல் முதலமைச்சர் ஆனதும் வாசகர்களுக்குத் தெரியும். இங்கே யாரும் இருவரையும் குழப்பிக்கொள்வதில்லை. காலம் கிட்டத்தில் இருக்கிறது, படங்களும் இருக்கின்றன.

குழப்பம் வர நாள் போகவேண்டும். ரூ பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. 1985-இல் தொடங்கிய கோயில். கோடை முடியும் நாட்களில் அதன் தேர் இந்தத் தெருக்களில் வரும்போது சாலையெல்லாம் சிதறு தேங்காய். விநாயகர் சந்நிதி என்றால் விநாயகர் அகவல். அகவல் என்றால் ஔவையார். எந்த ஔவை?

அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர் சங்க காலத்தவர். அவர் பெயரில் 59 பாடல்கள் கிடைக்கின்றன, அவற்றில் 33 புறநானூற்றில். ஆத்திசூடி, கொன்றை வேந்தன் பாடியவரைக் கம்பர், ஒட்டக்கூத்தர் காலத்தில் வைக்கிறார்கள். நடுவில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள். விநாயகர் ஔவையைத் துதிக்கையால் தூக்கிக் கயிலாயத்தில் விட்டார் என்ற கதையோ சுந்தரரையும் சேரமான் பெருமாளையும் சாட்சிக்கு அழைக்கிறது. அது இன்னொரு காலம். ஹில்டுயினுக்கு ஒரு பயணக்கதை தேவைப்பட்டது. நமக்கு அதுகூடத் தேவைப்படவில்லை, நெல்லிக்கனி போதும்: சாப்பிட்டவருக்கு நீண்ட ஆயுள், ஆகவே எல்லா ஔவையும் ஒரே ஔவை. உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிட்ட பிறகு, பழைய ஔவையின் கள்ளும் போரும் நட்பும் கலந்த பாட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிந்தது. இரண்டு குரல் என்பது புரிந்தது. இருந்தும் 1953-இல் ஜெமினியின் ‘அவ்வையார்’ படத்தில் கே.பி.சுந்தராம்பாள் ஒருவராகவே வந்தார், தமிழ்நாடு கைதட்டியது. பேராசிரியர்கள் பிரித்ததை யாரும் தடுக்கவுமில்லை, யாரும் ஊரைவிட்டு ஓடவுமில்லை. ஔவையின் பெயரில் மடமும் இல்லை, நிலமும் இல்லை, காவல் காக்க அரசர் கல்லறையும் இல்லை. வேறுபாடு அங்கேதான் என்று நினைக்கிறேன்.

இன்றைய லாச்சப்பலில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஊரில் கந்தையா மகன் சிவகுமார், ‘கந்தையா சிவகுமார்’. அவர் மகள் நிலா, ‘சிவகுமார் நிலா’. தந்தை பெயர் ஒரு தலைமுறைக்குத்தான் முன்னால் நிற்கும், பிறகு நகர்ந்துவிடும். பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை யாரும் தாங்கக் கூடாது என்று பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794-இல் சட்டம் போட்ட நாடு இது. இங்கே படிவத்தில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம். கந்தையா குடும்பப் பெயர்க் கட்டத்தில் விழுந்தார் என்றால் அங்கேயே உறைந்துவிடுவார். பேத்தி ‘நிலா கந்தையா’, அவள் தம்பியின் பிள்ளைகளும் கந்தையா. ஒரு நாள்கூடப் பாரிஸைப் பார்த்திராத மனிதர் ஒரு பிரெஞ்சு வம்சத்தின் மூலபுருஷர் ஆகிவிடுகிறார். வகுப்பில் வேறொரு கந்தையாவின் பேரன் இருந்தால், நீங்கள் அண்ணன் தங்கையா என்று ஆசிரியை கேட்பது இயல்பு. தெனி விஷயத்தில் தொடர்பில்லாதவர்கள் ஒருவரானார்கள். இங்கே தொடர்பில்லாத குடும்பங்கள் ஒரே குடும்பமாகத் தெரிகின்றன.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த அனுபவம் பழையது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள் பரம்பரைக்கும் சேர்த்து ஒரு குடும்பப் பெயர் தேர்ந்துகொள்ள வேண்டும். 1873-இல் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போனதற்காக வழக்காடிப் பாரிஸ் வரை சென்று வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, லாப்போர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அவராவது தானே தேர்ந்தார். கந்தையாவைத் தேர்ந்தது படிவத்தின் கட்டம்.

கடைத்தெருவில் மட்டும் இதெல்லாம் செல்லாது. அங்கே எல்லாரும் அண்ணை, அக்கா. இரண்டு கண்ணன் இருந்தால் ஒருவர் புங்குடுதீவுக் கண்ணன் அண்ணை, மற்றவர் நகைக்கடைக் கண்ணன் அண்ணை. ஏதென்ஸ் தெனி, கொரிந்து தெனி, பாரிஸ் தெனி என்று இப்படி ஊர் சேர்த்துக் கூப்பிட்டிருந்தால் அபேலார் அந்த இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அடுத்த வாரம்: காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் ஒருவரும், பட்டினத்தார் என்ற பெயரில் பாடிய மற்றவர்களும்.

(தொடரும்)