கார் ஏ.சி.யில் அனல் காற்றா? 'கியாஸ்' அடிக்கும் முன் கசிவைப் பாருங்க!

திண்டுக்கல்:
சித்திரை வெயிலில் திண்டுக்கல்-பழனி ரோட்டில் போகும்போது கார் ஏ.சி. திடீரென அனலைக் கக்குகிறதா? "கியாஸ் தீர்ந்து போச்சு, அடிச்சிடலாம்" என்றதும் பணத்தை நீட்டிவிடாதீர்கள்!

ஏ.சி. கியாஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. வருஷா வருஷம் குறைந்தால், எங்கோ கசிகிறது என்றே அர்த்தம். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் முதல் சந்தேகம் அங்கேதான்.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் தூசி அடைத்திருக்கலாம். விசிறி நின்றிருக்கலாம். காற்றே குறைவா? பில்டரைக் கழற்றிப் பாருங்க.

பல கார்களில் உள்ள ஆர்-134ஏ கியாஸ், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஓட்டையை அடைக்காமல் அடித்தால் காசும் போச்சு, குளிரும் போச்சு!