வரம்பை எண்ணும் கணினி

உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மட்டக்களப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பைதனில் பட்டியலின் முதல் உறுப்புக்கு ஏன் பூச்சியம் என்று இலக்கம்? புள்ளிகள்[2:5] என்று எழுதினால் 5 ஏன் வருவதில்லை?"

பூச்சியத்தைக் கண்டது இந்தியா, ஆகவே கணினி நம் மரபில் எண்ணுகிறது என்றொரு பெருமை கைப்பேசிகளில் சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். 628இல் பிரம்மகுப்தர் பூச்சியத்துக்குக் கணித விதிகள் எழுதியது பெரிய காரியம்தான். ஆனால் பட்டியலின் முதல் உறுப்புக்கு எந்த இலக்கம் என்பது வேறு விடயம்.

விடை வயலில் இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வட்டையை, அதாவது வயல்வெளியை, நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தொடங்கி வரிசையாக எட்டு வரவைகள் (வயல் துண்டுகள்), ஒவ்வொன்றும் 20 அடி அகலம், இடையிடையே வரம்பு. முதல் வரவைக்குப் போக எத்தனை வரவை தாண்ட வேண்டும்? ஒன்றுமில்லை. மூன்றாவதுக்குப் போக இரண்டு, அதாவது 40 அடி. நினைவகத்தில் கணினி செய்வதும் இதுவே: தொடக்க முகவரியோடு, தாண்ட வேண்டிய எண்ணிக்கையை உறுப்பின் அளவால் பெருக்கிக் கூட்டுகிறது. அடைப்புக்குள் நாம் எழுதும் இலக்கம் வரவைக்கு உரியதல்ல, அது தொடங்கும் வரம்புக்கு உரியது. வாய்க்காலோரத்து வரம்பு பூச்சியம்.

என்னை மயக்குவது இதற்கு அடுத்த படி. [2:5] என்றால் 2ஆம் வரம்பிலிருந்து 5ஆம் வரம்பு வரை. நடுவே மூன்று வரவை. 5இலிருந்து 2ஐக் கழித்தால் போதும். 5 விடுபட்டுப் போகவில்லை, அது வேலியாக நிற்கிறது. இந்த எட்டையும் ஒரு தாய் தன் மூன்று பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரிக்கட்டும்: மூத்தவளுக்கு [0:2], நடுவாளுக்கு [2:5], இளையவளுக்கு [5:8]. ஒருத்தியின் பங்கு முடியும் இலக்கத்திலேயே அடுத்தவளின் பங்கு தொடங்குகிறது. எந்த வரவையும் இருவருக்குப் போகாது, எதுவும் நடுவில் அநாதையாக நிற்காது. வரவைகளுக்கே ஒன்றிலிருந்து இலக்கம் போட்டால் 1–2, 3–5, 6–8 என்றாகும். ஒவ்வொரு எல்லையிலும் ஒன்றைக் கூட்ட வேண்டும், பங்கை எண்ணும்போது இன்னொரு தடவை கூட்ட வேண்டும். நான்காவதாக ஒருத்தி பிறந்து, அவளுக்குக் காணியே மிஞ்சவில்லை என்றாலும் வரம்புக் கணக்கு தடுமாறாது: [8:8]. வரவைக் கணக்கில் அதையே 9 முதல் 8 வரை என்று எழுத வேண்டியிருக்கும்.

நாட்களிலும் இதே சிக்கல் உண்டு. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா பத்து நாள். ஆடி அமாவாசையன்று தீர்த்தம். அமாவாசை 24ஆம் திகதி என்றால் கொடியேற்றம் 14 அல்ல, 15. திருவிழாவில் நாட்களை, அதாவது வரவைகளை, எண்ணுகிறோம்; திகதியைக் கழிக்கும்போது வரம்புகளுக்கு இடையிலான தூரம் கிடைக்கிறது. திங்கட்கிழமை இறந்தவருக்கு எட்டாம் நாள் அடுத்த திங்களே வருவதும் அதனால்தான். இரண்டு கணக்கும் சரி. ஒன்றில் தொடங்கி மற்றதில் முடிக்கும்போதுதான் பிழை வருகிறது. நிரல் எழுதுவோர் அன்றாடம் விழும் குழி இது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1957இல் வந்த ஃபோர்ட்ரான் ஒன்றிலிருந்து எண்ணியது. 1967இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல் மொழி பூச்சியத்தை எடுத்துக்கொண்டது. அந்த வழக்கம் பி மொழி வழியாக சி மொழிக்கு இறங்கியது. 1982 ஆகஸ்டில் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஒரு குறுங்கட்டுரையில், தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விடும் முறையே சிறந்தது என்று வாதாடினார். செராக்ஸ் நிறுவனத்தின் மெசா மொழியில், தொடக்கத்தையும் முடிவையும் சேர்ப்பதா விடுவதா என்ற நான்கு விதமாகவும் எல்லை குறிக்க வசதி இருந்தது. மற்ற மூன்றும் ஓயாமல் பிழைக்கு இடம் கொடுத்தன என்பது அவர் காட்டிய சான்று.

பூச்சியத்தில் தொடங்கினால் நிரல் வேகமாக ஓடும் என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. லுவா, ஆர், ஜூலியா ஆகிய மொழிகள் ஒன்றிலிருந்தே எண்ணுகின்றன. ஜூலியாவில் அந்த ஒன்றைக் கழிக்கும் வேலையைத் தொகுப்பி பெரும்பாலும் முகவரிக் கணக்கோடு சேர்த்தே முடித்துவிடுகிறது. நிரல் ஓடும்போது அதற்கென்று தனி நேரம் போவதில்லை.