எலுமிச்சம் பழச்சாறு பட்டால் நீலமாகும் சிவப்புத் துணி!

சிவப்புத் துணியில் ஒரு சொட்டு எலுமிச்சம் பழச்சாறு விழுந்தது. விழுந்த இடம் நீலமாகி விட்டது! சோப்புப் போட்டு அலசினால் மறுபடியும் சிவப்பு!

இது மந்திரவாதி வேலை அல்ல. "காங்கோ சிவப்பு" என்ற சாயத்தின் குணம்.

ஜெர்மனியில் பேயர் கம்பெனியில் வேலை பார்த்த பால் பெட்டிகர் என்ற ரசாயன நிபுணர் 1883-ல் இதைக் கண்டுபிடித்தார். வேலையை விட்டு வெளியே வந்தார். தன் பெயரிலேயே காப்புரிமைக்கு மனுப் போட்டு, பெர்லின் அக்பா கம்பெனிக்கு விற்று விட்டார். ஆள் கெட்டிக்காரர்தான்!

பெயர் வந்த விதம்

ஆப்பிரிக்காவுக்கும் இந்தச் சாயத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1884 கடைசியில் காங்கோ பிரச்சினை பற்றிப் பேச பெர்லினில் வல்லரசுகள் கூடின. ஊரெல்லாம் அதே பேச்சு. அந்தப் பெயரையே சாயத்துக்கு வைத்து, மறு வருஷம் கடைக்கு அனுப்பி விட்டார்கள்.

அதுவரை பருத்தித் துணியில் பெரும்பாலான சாயங்கள் ஒட்ட வேண்டுமானால் முதலில் படிகாரம் போன்ற ஏதாவது ஒன்றில் ஊற வைக்க வேண்டும். காங்கோ சிவப்புக்கு அந்த வேலையே கிடையாது. கொதிநீரில் சாயத்தையும் உப்பையும் போட்டு, துணியை முக்கினால் போதும்! சலவையில் சாயம் போகும், வியர்வை பட்டால் நிறம் மாறும். ஆனாலும் விலை மலிவு. விற்பனை கொடி கட்டிப் பறந்தது.

விஷம் எங்கே?

இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்பதுதான் "அசோ" பிணைப்பு. காங்கோ சிவப்பில் அது உடைந்தால் பென்சிடின் வெளியே வருகிறது. சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. துணி உடுத்துகிறவரை விட, சாயப் பட்டறையில் தூளை அள்ளிக் கொட்டும் தொழிலாளிக்குத்தான் ஆபத்து அதிகம்.

அசோ சாயம் எல்லாமே விஷம்னு நினைச்சா அது தப்பு. உலகத்தில் உள்ள சாயங்களில் பாதிக்கு மேல் அசோ வகைதான். கெட்ட அமீன்களைக் கக்குகிற சாயங்களுக்கு மட்டுமே தடை.

ஜெர்மனி 1994-ல் இதற்குச் சட்டம் போட்டது. திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர்கள் திகைத்துப் போனார்கள்! இந்தியாவில் பென்சிடின் சாயங்கள் 42-ம், 1997-ல் மேலும் 70 அசோ சாயங்களும் தடை செய்யப்பட்டன. ஐரோப்பாவுக்குப் போகும் துணியில், ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அந்த அமீன் இருந்தால் சரக்கு விற்பனைக்கு ஆகாது.

காங்கோ சிவப்பு இன்னும் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. இதயம், சிறுநீரகத்தில் படியும் "அமிலாய்டு" என்ற கெட்ட புரதத்தைக் கண்டுபிடிக்க, வெட்டி எடுத்த திசுத் துணுக்கில் இதைத்தான் ஏற்றுகிறார்கள். விசேஷ மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்தச் சிவப்பு, ஆப்பிள் பச்சையாக மின்னுகிறது!