ஆறாத அரிப்பா? அலட்சியம் வேண்டாம்!

ஆண்களின் மறைவிடத்தில் வரும் அபூர்வப் புற்று நோய்

மும்பையின் மழைக் காலத்தில் தொடை இடுக்கில் அரிப்பு வராத ஆண்கள் குறைவு. ரெயில் நெரிசலில் வியர்த்து, நனைந்த துணியோடு நாள் முழுவதும் வேலை பார்ப்பவர்களுக்கு அது பெரும்பாலும் படர்தாமரையாகத்தான் இருக்கும். தகுந்த மருந்து பூசினால் சில வாரங்களில் ஆறிவிடும்.

ஆனால், மாதக் கணக்கில் களிம்பு பூசியும் ஆறாத சிவந்த திட்டு ஒன்று உண்டு. விதைப்பையிலோ ஆணுறுப்பிலோ தோன்றும். அரிக்கும்; கசியும்; மெல்ல மெல்லப் பரவும். பார்வைக்குக் கரப்பான் போலவே இருக்கும். ஆனால் அது தோலில் வரும் ஒரு புற்று நோய். பெயர், "பேஜட் நோய்".

லண்டன் டாக்டர் சர் ஜேம்ஸ் பேஜட், பெண்களின் மார்புக் காம்பில் வரும் இந்த நோயை 1874-ல் விவரித்தார். ஆண்களின் விதைப்பையிலும் உறுப்பிலும் அது வருவதை 1889-ல் டாக்டர் ராட்கிளிப் குரோக்கர் எடுத்துக் காட்டினார். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கே வருகிறது.

கண்ணால் பார்த்து இதை உறுதி செய்ய முடியாது. மரத்துப் போக ஊசி போட்டு, சிறு துண்டுத் தோலை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் சோதிக்க வேண்டும். இதுதான் "பயாப்சி". கூடவே மூத்திரப்பை, பிராஸ்டேட், மலக்குடல் ஆகியவற்றிலும் புற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எவ்வளவு வெட்டுவது?

முக்கிய சிகிச்சை ஆபரேஷன்தான். சிக்கல் என்னவென்றால், கண்ணுக்குத் தெரியும் சிவப்பைத் தாண்டியும் நோய் பரவியிருக்கும். ஆகவே சுற்றியுள்ள தோலையும் சேர்த்து எடுக்கிறார்கள். வெட்டிய ஓரங்களை ஆபரேஷனின்போதே உறைய வைத்துச் சோதிப்பதும் உண்டு. அமெரிக்க டாக்டர் பிரடெரிக் மோஸ் 1930-களில் தொடங்கிய முறையில், தோலை அடுக்கடுக்காக எடுத்து, நோய் மிச்சமிருக்கும் இடத்தில் மட்டும் மேலும் வெட்டுகிறார்கள். நல்ல தோல் வீணாவதில்லை.

"உறுப்பையே எடுத்து விடுவார்களோ?" என்று பலர் நடுங்குகிறார்கள். நோய் மேல் தோலோடு நின்றிருந்தால் தோலை எடுத்தாலே போதும். விதைப்பைத் தோல் இழுத்தால் நீளும். சிறு காயத்தை அப்படியே தைத்து விடலாம். பெரிய காயமென்றால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். நோய் ஆழமாக இறங்கி, இடுப்பு மடிப்பு நெறிகளுக்குப் பரவிய பிறகு வந்தால்தான் சிகிச்சை பெரிதாகிறது.

மீண்டும் தலைகாட்டக் கூடிய நோய் இது. ஆகவே ஆபரேஷனுக்குப் பின்னும் பல ஆண்டுகள் டாக்டரிடம் காட்டிக் கொள்ள வேண்டும்.

வெட்கம் எதற்கு?

இது தகாத உறவால் வருவதல்ல. மனைவிக்கும் தொற்றாது. இருந்தும், வெட்கத்தால் ஆண்டுக் கணக்கில் மறைப்பவர்கள் உண்டு.

சயான், கே.இ.எம். ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. புற்று என்று தெரிந்தால், 1941-ல் தொடங்கிய டாட்டா நினைவு ஆஸ்பத்திரி பரேலிலேயே இருக்கிறது.

ஊரில் வயதான தகப்பனார் இருக்கலாம். பிள்ளையிடம் இதையெல்லாம் அவராக வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, தனியாக உட்கார்ந்து பிள்ளைதான் கேட்க வேண்டும்.