புண்ணில் எதையும் பூசாதீர்கள்

மதுரையில் சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும் எங்கள் புறநோயாளிப் பிரிவில் கால்புண்கள் பெருகும். நேர்த்திக்கடனுக்காகத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தவர்கள். கொப்புளம் போட்டது அன்றைக்கு. எங்களிடம் வருவதோ மூன்று வாரம் கழித்து. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்குச் சீமைக்கருவேல முள். ஊக்கால் நெம்பி எடுத்திருப்பார்கள், முனை உள்ளேயே தங்கியிருக்கும். "வலிக்கல டாக்டர், அதான் விட்டுட்டேன்" என்பார்கள். அந்த வலியின்மைதான் ஆபத்து. நாள்பட்ட சர்க்கரை பாதத்தை மரத்துப்போக வைத்துவிடும்.

மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள்

இவற்றைக் கழுவி எடுக்கவே பாதி நேரம் போகிறது. காப்பித்தூள் அழுக்கையும் கிருமியையும் உள்ளே வைத்துப் பூட்டும். சுண்ணாம்பு தோலை வேகவைக்கும். நுரைக்க நுரைக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் புதிதாக வளரும் தசையும் சேர்ந்து சாகும். ஓடும் தண்ணீரும் சோப்பும் போதும், அதற்கு மேல் சுத்தமான துணிக்கட்டு.

காற்றாட விட்டால் ஆறும் என்பதும் தவறு. மூடி வைத்து ஈரம் காத்த காயத்தில் புதுத் தோல் வேகமாகப் படர்வதை 1962-லேயே ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் காட்டிவிட்டார். காற்றாட விட்ட புண்ணில் மேலே பொருக்குத் தட்டியிருக்கும், அடியில் சீழ் கட்டியிருக்கும்.

"டிடி ஊசி போட்டாச்சே" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது ரணஜன்னியைத் தடுக்கும் ஊசி, புண்ணை ஆற்றாது.

பத்தியம் என்ற பட்டினி

எனக்குக் கோபம் வருவது இதில்தான். முட்டை, மீன், கறி சாப்பிட்டால் சீழ் வைக்குமாம். ரசஞ்சோறு மட்டும் கொடுத்து ஆளை இளைக்க வைக்கிறார்கள். புதுத் தசை வளரப் புரதம் வேண்டாமா? செங்கல் தராமல் கொத்தனாரைத் திட்டுவது போலத்தான் இது. முட்டை கொடுங்கள், சைவமென்றால் பருப்பு, சுண்டல், தயிர். நெல்லிக்காய், கொய்யாவில் உள்ள வைட்டமின் சி-யும் வேண்டும்.

மெடிக்கல் ஷாப் வைத்தியம்

ரெண்டு மாத்திரை, ஒரு டியூப். அந்த டியூபில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் புண் ஆறுவது தள்ளிப்போகும். ரெண்டு நாளில் நிறுத்திய ஆன்டிபயாடிக், பிறகு தேவைப்படும்போது வேலை செய்யாமல் போகலாம். கடைக்காரர் உங்கள் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாரா?

பீடியையும் விடுங்கள், நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்குகிறது. ரத்தம் போகாத இடத்தில் எந்த மருந்தும் பலிக்காது.

எங்களிடம் வந்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவு, கால் ரத்த ஓட்டம், தேவையானால் எக்ஸ்ரே பார்ப்போம்.

தயவுசெய்து

சர்க்கரை உள்ளவர்களே, வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள். தினமும் இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். புண்ணின் ஓரம் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, பாதம் வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்துதான் இருக்கிறது.